ட்ரோன் ஓட்டிச் சம்பாதிக்க என்னென்ன காகிதம் வேண்டும்?

"ஐந்தே நாளில் அரசு அங்கீகாரம் பெற்ற ட்ரோன் பைலட் ஆகலாம்" என்கிற விளம்பரம் இப்போது தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் கண்ணில் படுகிறது. ஐந்து நாள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து நாள் முடிவில் கிடைப்பது ஆளுக்கான சான்றிதழ் மட்டும். பறக்கிற இயந்திரத்துக்கு வேறு காகிதம், பறக்கிற இடத்துக்கு வேறு விதி, கீழே விழுந்து சேதம் செய்தால் யார் பணம் கட்டுவது என்பதற்கு வேறு பாலிசி. பைக்குக்கு டிரைவிங் லைசென்ஸ், ஆர்சி புக், இன்சூரன்ஸ் மூன்றும் தனித்தனி அல்லவா, அதே கணக்குத்தான். தொழிலுக்கு வருகிறவர்கள் பலர் சிக்கிக்கொள்வதும் இங்கேதான். சான்றிதழை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதை வைத்து ஓட்டச் சட்டப்படியான ட்ரோன் எது என்று அதற்கப்புறம் தேடுகிறார்கள்.

அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் எடை, அடுத்து இயந்திரம், பயிற்சி அதற்கப்புறம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இன்று நடப்பில் இருப்பவை 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு அறிவித்த ட்ரோன் விதிகள். அதற்கு முன்னால் 2018 டிசம்பர் 1 முதல் டிஜிசிஏவின் (மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதித்தொகுப்பு ஒன்று இருந்தது. 2021 மார்ச்சில் இன்னொன்று வந்து, ஐந்து மாதத்தில் போய்விட்டது. இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பல அந்தப் பழைய இரண்டிலிருந்து எடுத்தவை. தனியாக ஆபரேட்டர் பெர்மிட் வாங்க வேண்டும், உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும், நானோ ட்ரோன் 50 அடிக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் யாராவது சொன்னால் அது பழைய கதை. ரிமோட் பைலட் லைசென்ஸ் என்ற பெயரும் 2022 பிப்ரவரித் திருத்தத்தோடு போய், ரிமோட் பைலட் சர்டிபிகேட் ஆகிவிட்டது. பேச்சில் எல்லோரும் ஆர்பிசி என்பார்கள். மாறியது பெயர் மட்டுமல்ல. முன்பு டிஜிசிஏ கையால் வந்த லைசென்ஸுக்குப் பதிலாக, இப்போது அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனமே அரசுத் தளத்தின் வழியாகச் சான்றிதழை வழங்குகிறது.

எடைதான் முதல் கேள்வி

விதிகளில் ட்ரோன்கள் ஐந்து வகுப்பு. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 கிலோவைத் தாண்டி 25 கிலோ வரை ஸ்மால். 25க்கு மேல் 150 கிலோ வரை மீடியம். அதற்கும் மேலே லார்ஜ். கணக்கில் வருவது வெறும் உடலின் எடை அல்ல. பேட்டரி, கேமரா, டேங்க், டேங்கில் இருக்கும் மருந்து என்று எல்லாம் சேர்ந்த அதிகபட்ச எடை.

இந்தக் கணக்கில் சறுக்குகிறவர்கள் பெரும்பாலும் 249 கிராம் ட்ரோன் வைத்திருப்பவர்கள். பெட்டியில் போட்டிருக்கும் 249 என்பது தயாரிப்பாளர் கொடுத்த பேட்டரியோடும் இறக்கைகளோடும் சேர்ந்த எடை. விசிறியைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் (புரொப்பெல்லர் கார்டு) மாட்டினாலோ, இரவில் தெரிவதற்காகச் சின்ன விளக்கு ஒட்டினாலோ 250 தாண்டிவிடும். அதிக நேரம் பறக்க வேண்டும் என்று பெரிய பேட்டரி போட்டால் கேட்கவே வேண்டாம்: டிஜேஐ மினி 3 ப்ரோவில் பிளஸ் பேட்டரி போட்டால் எடை சுமார் 290 கிராம் ஆகிறது. அந்த நிமிடமே அது நானோ அல்ல, மைக்ரோ. வாங்கியவுடன் சமையலறைத் தராசில் வைத்து, பறக்கவிடும் அதே நிலையில் எடை பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு ஆர்பிசி தேவை என்பது இதிலிருந்துதான் வருகிறது. நானோவை ஓட்ட ஆர்பிசி தேவையில்லை. காசுக்கு ஓட்டினாலும் தேவையில்லை. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு ஓட்டத் தேவையில்லை, தொழிலுக்கு ஓட்டினால் கட்டாயம் தேவை. ஸ்மால் முதல் மேலே, பொழுதுபோக்கோ தொழிலோ, ஆர்பிசி இல்லாமல் தொடக் கூடாது.

தொழில் என்றால் என்ன என்று ஒரு வாதம் எப்போதும் நடக்கும். "நண்பன் கல்யாணத்துக்குச் சும்மாதான் எடுத்துக் கொடுத்தேன்", "யூடியூபில் போட்டேன், வருமானம் ஏதோ கொஞ்சம் வருகிறது", "நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கிறேன், ட்ரோனுக்கென்று தனியாகக் காசு வாங்கவில்லை." என் கருத்தில் இந்த வாதங்களை நம்பி மைக்ரோவைத் தூக்க வேண்டாம். எந்த வழியாகவாவது பணம் வந்தால் அதைத் தொழிலாகவே வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் உங்கள் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

இயந்திரத்தின் காகிதம்

இந்தியாவில் சட்டப்படி பறக்க ட்ரோனுக்கு இரண்டு அடையாளம் வேண்டும். ஒன்று டைப் சர்டிபிகேட். இது மாடலுக்கு உரியது. தயாரிப்பாளர் வாங்க வேண்டியது. இந்தியத் தர கவுன்சிலின் ஏற்பாட்டில் இயங்கும் சான்றளிப்பு அமைப்புகள் மாடலைச் சோதித்துப் பார்த்து, அதன் பேரில் டிஜிசிஏ கொடுக்கிறது. நாட்டின் முதல் டைப் சர்டிபிகேட் 2022 ஜூனில் ஐயோடெக்வேர்ல்ட் நிறுவனத்தின் அக்ரிபாட் என்ற மருந்து தெளிக்கும் ட்ரோனுக்குக் கிடைத்தது. நானோவுக்கு டைப் சர்டிபிகேட்டிலிருந்து விலக்கு உண்டு.

இரண்டாவது யுஐஎன் எனப்படும் பதிவு எண். இது உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு ட்ரோனுக்கு உரியது; உரிமையாளர் வாங்க வேண்டியது. படிவம் டி-2, கட்டணம் 100 ரூபாய். முதலில் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் இணையதளத்தில் நடந்த இந்த வேலை, பிறகு டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்துக்கு மாறியது. வான்வெளி வரைபடம் டிஜிட்டல் ஸ்கையிலேயே இருக்கிறது. இரண்டு தளத்தையும் குழப்பிக்கொண்டு பழைய லிங்கில் விண்ணப்பம் தேடி அலைய வேண்டாம்.

யுஐஎன் மூன்று வரிசை எண்களோடு கட்டிப்போடப்பட்டது: ட்ரோனின் எண், உள்ளே இருந்து பறப்பைக் கட்டுப்படுத்தும் ஃப்ளைட் கன்ட்ரோலரின் எண், கையில் பிடிக்கும் ரிமோட்டின் எண். இது பலருக்குத் தெரிவதில்லை. வயலில் விழுந்து ஃப்ளைட் கன்ட்ரோலர் போய்விட்டது என்று சர்வீஸுக்குக் கொடுப்பார்கள். புதியது மாட்டி வந்ததும் நேரே வேலைக்கு எடுத்துப் போவார்கள். பதிவில் இருப்பது ஒரு எண், பறப்பது வேறு எண். புதிய எண்ணைத் தளத்தில் ஏற்றின பிறகே பறக்கவிட வேண்டும். ரிமோட்டை நண்பரிடமிருந்து கடன் வாங்கி ஓட்டுவதிலும் இதே சிக்கல். சர்வீஸ் பில்லில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

இப்போது கசப்பான பகுதி. கல்யாண வீடியோகாரர்கள் அதிகம் விரும்பும் டிஜேஐ மாவிக், ஏர் போன்றவை 250 கிராமைத் தாண்டியவை; அவற்றுக்கு இந்திய டைப் சர்டிபிகேட் இல்லை. டைப் சர்டிபிகேட் இல்லாத மாடலுக்கு வழக்கமான வழியில் யுஐஎன் எடுக்க முடியாது. 2021 நவம்பர் 30க்கு முன்பே நாட்டில் இருந்த ட்ரோன்களைப் பதிவு செய்துகொள்ள ஒரு குறுகிய கால வாய்ப்பு தரப்பட்டது; அது முடிந்துவிட்டது. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனாகவோ, பிரித்த உதிரிகளின் தொகுப்பாகவோ இறக்குமதி செய்யத் தடை வேறு. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் மாமா பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ட்ரோன் சுங்கத்தில் நின்றுவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதன் விளைவு என்ன? ஆர்பிசி வைத்திருக்கும் ஒருவர் பதிவு எண் இல்லாத மாவிக்கை மண்டபத்துக்கு எடுத்துப் போனால், ஆளுக்குக் காகிதம் உண்டு, இயந்திரத்துக்கு இல்லை. அந்தப் பறப்பு விதிமீறல்தான். விதிகளின்படி அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். கல்யாணப் படப்பிடிப்பு மட்டும்தான் உங்கள் தொழில் என்றால், நானோவிலேயே எவ்வளவு தூரம் போக முடியும் என்று பாருங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் டைப் சர்டிபிகேட் உள்ள இந்திய மாடல்களைத் தேட வேண்டும். கேமரா தரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டி வரும், விலையும் கூடுதல். இந்த நிலைமை வீடியோகாரர்களுக்கு நியாயமாக இல்லை என்பது என் எண்ணம். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

சர்வே, மேப்பிங், மருந்து தெளிப்பு வேலைகளில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. டைப் சர்டிபிகேட் பெற்ற மாடல்கள் அங்கே தாராளமாகக் கிடைக்கின்றன.

மருந்து தெளிப்பவர்கள் கவனிக்க வேண்டியது

தமிழ்நாட்டில் புதிதாக ட்ரோன் தொழிலுக்கு வருகிறவர்கள் பலர் வருவது இந்த வேலைக்குத்தான். இங்கே 10 லிட்டர் டேங்க் என்பது தற்செயலாக வந்த அளவு அல்ல. 10 லிட்டர் கரைசல் சுமார் 10 கிலோ. பேட்டரிகள், உடல் சட்டகம், மோட்டார், பம்ப் எல்லாம் சேர்த்து இன்னொரு பதினான்கு பதினைந்து கிலோ வரை போகலாம். மொத்தம் 25 கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வடிவமைத்திருப்பார்கள். ஸ்மால் வகுப்புக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த அளவு.

16 லிட்டர் ட்ரோன் வாங்கினால் ஏக்கருக்கு நேரம் மிச்சம் என்று ஆசைப்பட்டு வாங்குபவர்கள் உண்டு. எடை 25 கிலோவைத் தாண்டினால் அது மீடியம் வகுப்பு. உங்கள் ஆர்பிசி ஸ்மாலுக்கு மட்டும் என்றால் அதை ஓட்ட முடியாது. "டேங்கில் 10 லிட்டர் மட்டும் ஊற்றினால் 25க்குள் வந்துவிடுமே" என்ற சமாதானம் செல்லாது. வகுப்பை முடிவு செய்வது அந்த மாடலின் அதிகபட்ச எடை, அன்றைக்கு ஊற்றிய அளவு அல்ல. எனவே முதலில் எந்த ட்ரோன் என்று முடிவு செய்து, அதன் வகுப்புக்குரிய பயிற்சியில் சேருங்கள். சேர்ந்த பிறகு வகுப்பை உயர்த்த வேண்டுமானால் மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு, மறுபடி பணம்.

ஆர்பிசி உங்களுக்குப் பறக்கவிடச் சொல்லித்தரும், தெளிக்கச் சொல்லித்தராது. சுய உதவிக் குழுப் பெண்களுக்கான நமோ ட்ரோன் தீதி திட்டத்தைப் பாருங்கள்: மொத்தப் பயிற்சி 15 நாள், அதில் பைலட் பயிற்சி 5 நாள், மீதி 10 நாள் உரம், பூச்சிமருந்து தெளிப்புக்காக. அரசே இரண்டு மடங்கு நாளை அதற்கு ஒதுக்கியிருக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. விசைத்தெளிப்பானில் ஏக்கருக்குப் பத்து டேங்க் அடிக்கும் மருந்தை ட்ரோனில் சுமார் 10 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். கரைசல் கெட்டியாகிறது, நாசில் அடைக்கிறது, சில மருந்துகளை ஒன்றாகக் கலந்தால் தயிர்போல் திரிகிறது. காற்று அடிக்கும் நேரத்தில் தெளித்தால் களைக்கொல்லி பக்கத்து வயல் உளுந்தில் போய் விழும். அதற்கு நஷ்ட ஈடு கேட்டு வருபவர் உங்கள் ஆர்பிசியைப் பார்க்க மாட்டார்.

எல்லா மருந்தையும் ட்ரோனில் அடிக்க அனுமதி கிடையாது என்பதும் முக்கியம். 2022 ஏப்ரலில் 477 பூச்சிமருந்துகளுக்கு ட்ரோன் தெளிப்புக்கான இடைக்கால அனுமதி இரண்டு ஆண்டுக்குத் தரப்பட்டது. நீங்கள் அடிக்கப்போகும் மருந்து ட்ரோன் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டதா என்று அப்போதைய நிலையை வேளாண் துறை அலுவலரிடம் கேட்டு, டப்பாவின் லேபிளையும் படித்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். விவசாயி எடுத்து நீட்டுகிறார் என்பதற்காக டேங்கில் ஊற்றாதீர்கள்.

பயிற்சி, தேர்வு, சான்றிதழ்

இப்போது ஆளுக்கு வருவோம். வயது 18 முதல் 65 வரை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் — ஆர்பிடிஓ என்பார்கள் — பயிற்சி முடித்துத் தேர்ச்சி பெற வேண்டும். இவ்வளவுதான் தகுதி. பட்டப்படிப்போ, ஆங்கிலப் புலமையோ விதியில் இல்லை. 2023 செப்டம்பர் வரை பாஸ்போர்ட் கட்டாயமாக இருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் அங்கேயே நின்றுபோனார்கள். அந்த மாதம் வந்த திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் போன்ற அரசு அடையாளமும் முகவரிச் சான்றும் போதும்.

ஆவணத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "கே. முருகன்", வேறொரு அட்டையில் "முருகன் கருப்பசாமி", இன்னொன்றில் "முருகன் கே". இணையதளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனிக் கட்டம். எதை எங்கே போடுவது என்று தெரியாமல் ஏதோ போட்டு, பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். எந்த அடையாள அட்டையைக் கொடுக்கப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே கணக்கைத் தொடங்குங்கள். மதிப்பெண் பட்டியலோடு பெரிய வித்தியாசம் இருந்தால் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே நிறுவனத்திடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். தளத்தில் கொடுக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். நிறுவனத்து ஊழியரின் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்துவிட்டு, பிறகு கடவுச்சொல் கிடைக்காமல் அல்லாடுவது நடக்கிறது.

ஸ்மால் வகுப்புக்கு வழக்கமான ஐந்து நாள் இப்படிப் போகும்: இரண்டு நாள் வகுப்பறை, ஒரு நாள் சிமுலேட்டர் (கணினித் திரையில் ஓட்டிப் பழகுவது), இரண்டு நாள் களத்தில் பறப்பு. வகுப்பறையில் விதிகள், வான்வெளி, வானிலை, பேட்டரி பராமரிப்பு, அவசர நிலை. எழுத்துத் தேர்வில் தோற்பவர்கள் குறைவு. திணறல் களத்தில்தான், அதுவும் இரண்டு இடத்தில். ஒன்று, ட்ரோனின் முகம் நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது. அப்போது இடது வலது தலைகீழாகிவிடும். இடப்பக்கம் போகட்டும் என்று ரிமோட்டின் ஸ்டிக்கைத் தள்ளினால் வலப்பக்கம் போகும். இரண்டு, ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும்போது. ஜிபிஎஸ் இருக்கும்வரை கையை எடுத்தால் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்கும். இல்லாவிட்டால் காற்று இழுக்கும் பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும். எட்டு போடச் சொல்லும்போது இந்த இரண்டும் ஒன்றாக வந்து சேரும். பயிற்சிக்குப் போகும் முன் கணினியில் சிமுலேட்டரைப் போட்டு, முகம் நம்மைப் பார்த்த நிலையில் அந்தரத்தில் நிறுத்திப் பழகியவர்கள் களத்தில் தடுமாறுவது வெகு குறைவு.

தேர்ச்சி பெற்றதும் நிறுவனம் தளத்தின் வழியாக ஆர்பிசியை வழங்கும். அரசுக் கட்டணம் 100 ரூபாய். மற்றதெல்லாம் நிறுவனத்தின் பயிற்சிக் கட்டணம். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும்; இடையில் டிஜிசிஏ சொல்லும் புத்தாக்கப் பயிற்சியை முடிக்க வேண்டும். அதில் உங்கள் பெயரோடு ட்ரோனின் வகையும் (ஹெலிகாப்டர் போல் எழும்புவதா, விமானம் போல் ஓடி எழும்புவதா, இரண்டும் கலந்ததா) வகுப்பும் எழுதியிருக்கும். சர்வேக்காக இறக்கை வைத்த ட்ரோன் ஓட்டப்போகிறவர் நான்கு விசிறி ட்ரோனில் பயிற்சி எடுத்தால் வேலைக்கு ஆகாது. சாதாரண ஆர்பிசியை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள்தான் ஓட்டலாம்; அதைத் தாண்டிய பறப்புக்கு அது அனுமதி அல்ல.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். உங்கள் ஆர்பிடிஓ அங்கீகாரம் எந்த வகுப்புக்கு, எந்தத் தேதி வரை? பயிற்சி ட்ரோனின் யுஐஎன் என்ன? களம் எங்கே, ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஸ்டிக் கையில் இருக்கும்? தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் நிறுவனத்தின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு ட்ரோனுக்கு இருபது பேர் வரிசையில் நின்றால் இரண்டு நாளில் உங்கள் கைக்கு வருவது சொற்பம். சென்னையில் அரசு சார்ந்த இடம் வேண்டும் என்பவர்கள் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆராய்ச்சி மையம் நடத்தும் பயிற்சியை விசாரிக்கலாம்.

இணையவழி வகுப்பில் சேர்ந்து வாங்கும் பளபளப்பான சான்றிதழ், கல்லூரிப் பயிலரங்கில் தரும் சான்றிதழ், பயிற்சி நிறுவனமே தன் பெயரில் அடித்துத் தரும் நிறைவுச் சான்றிதழ், இவை எதுவும் ஆர்பிசி அல்ல. அரசுத் தளத்தில் உங்கள் கணக்கில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இல்லை.

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே பார்ட் 107 என்ற விதியின்கீழ் 16 வயது முடிந்தவர் 60 கேள்வி கொண்ட எழுத்துத் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால் போதும். பறந்து காட்டும் தேர்வு கிடையாது. வீட்டில் படித்துவிட்டுப் போய் எழுதலாம். இங்கே அந்த வழி இல்லை. அங்கீகரித்த நிறுவனத்தில் பயிற்சி எடுக்காமல் நேரே தேர்வு எழுத முடியாது.

எங்கே பறக்கலாம்

டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நாடு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிந்திருக்கிறது. பச்சையில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்தச் சுதந்திரம் 200 அடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் மஞ்சள். 8 கிலோமீட்டருக்கு உள்ளே தரையிலிருந்தே மஞ்சளோ சிவப்போதான். மஞ்சளுக்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி, சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி.

காகிதத்தில் எளிது. தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். சென்னையில் மீனம்பாக்கம் ஒரு பக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம் ஒரு பக்கம். கோவையில் பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம், ராமநாதபுரம் உச்சிப்புளியில் அதே கடற்படையின் பருந்து விமானத் தளம். டெல்டாவில் மருந்து அடிக்கக் கிளம்புகிறவர்கள் மறந்துபோவது தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தை. 2020 முதல் அங்கே சுகோய் போர் விமானப் படைப்பிரிவே இருக்கிறது. ட்ரோன் பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில்தானே போகிறது என்பது விலக்கு ஆகாது. தொழிலுக்காகக் கடன் வாங்கும் முன், நீங்கள் வேலை செய்யப்போகும் வட்டாரம் வரைபடத்தில் என்ன நிறம் என்று பார்த்துவிடுங்கள். இதைப் பார்க்காமல் பத்து லட்சம் போடுவது வீண் வேலை.

பச்சை எப்போதும் பச்சையாக இருக்கும் என்பதும் இல்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அல்லது அதற்கு மேல் பதவியில் உள்ள அதிகாரி ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பாக 96 மணி நேரம் வரை அறிவிக்க முடியும். முக்கியப் பிரமுகர் வருகை, தேர்தல் கூட்டம், பெரிய திருவிழா நேரங்களில் இது வரும். அதனால் நேற்று பார்த்தது இன்று செல்லாது. ஒவ்வொரு பறப்புக்கும் முன் தளத்தைப் பார்க்க வேண்டும் என்பது பைலட்டின் கட்டாயக் கடமை.

வரைபடத்தில் பச்சை என்பது வான்வெளிக்கு மட்டும். தஞ்சைப் பெரிய கோயிலோ மாமல்லபுரமோ தொல்லியல் துறையின் கையில் இருப்பவை. அந்தத் துறை அனுமதி தனி. காட்டுப் பகுதிக்கு வனத்துறை. சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர் அவ்வப்போது ட்ரோனுக்குத் தடை உத்தரவு போடுவார். பச்சைப் பகுதியில் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ட்ரோன் விதிகள் கேட்கவில்லை. இருந்தாலும் வேலைக்கு முதல் நாள் ஆர்பிசி, யுஐஎன் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து ரசீது வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். புதிய ஊரில் ட்ரோன் சத்தம் கேட்டதும் யாராவது நூறுக்குப் போன் போடுவார்கள். வந்து நிற்கும் போலீஸ்காரருக்கு விதி எண் சொல்வதைவிட ரசீதைக் காட்டுவது சுலபம்.

பாலிசியும் பறந்த பிறகும்

நானோவைத் தவிர மற்ற ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விதி 44 மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டுப் பகுதியையே ட்ரோனுக்கும் பொருத்துகிறது. இது மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும். உங்கள் ட்ரோன் தென்னை மட்டையில் சிக்கி நொறுங்கினால் அதற்குத் தனிப் பாலிசி எடுத்திருக்க வேண்டும். பாலிசியில் பார்க்க வேண்டியவை: யுஐஎன் சரியாக ஏறியிருக்கிறதா, ஓட்டப்போகும் பைலட்டின் பெயர் இருக்கிறதா அல்லது ஆர்பிசி உள்ள யாரும் ஓட்டலாமா, பயன்பாடு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது. படப்பிடிப்பு என்று எழுதிய பாலிசியை வைத்துக்கொண்டு மருந்து தெளித்தால் இழப்பீடு கேட்கும்போது வம்பு வரும்.

உரிமையாளர் பைலட்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ட்ரோனை உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்து, ஆர்பிசி உள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். அவர் விடுப்பில் போன நாளில் உதவியாளர் ஸ்டிக்கைப் பிடிக்கக் கூடாது. உதவியாளருக்கும் ஆர்பிசி எடுத்துவிடுவது இந்தத் தொழிலில் நல்ல முதலீடு. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் வேலை ஒன்றாகக் குவியும்போது ஒரே பைலட்டை நம்பியிருந்தால் தாங்காது.

சட்டத்தின் திசையும் இறுகிக்கொண்டுதான் போகிறது. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் ட்ரோனுக்கென்றே தனி மசோதாவின் வரைவு கருத்துக் கேட்புக்கு வெளியானது. அதில் அபராதத்தோடு சிறைத்தண்டனையும் பேசப்படுகிறது. பதிவு எண் இல்லாத ட்ரோனை வைத்து இன்னும் சில சீசன் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கணக்குப் போடட்டும்.

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தளத்தின் வழியாக டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். யாருக்கும் அடிபடவில்லை என்று சும்மா இருந்துவிட்டு, பிறகு காப்பீடு கேட்கப் போனால் முதல் முரண்பாடு அங்கேயே ஆரம்பிக்கும். விழுந்த ட்ரோனை உடனே தூக்கி வண்டியில் போடாமல், கிடக்கும் நிலையில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மணலில் தள்ளி வையுங்கள், வண்டிக்குள் ஏற்ற வேண்டாம். ரிமோட்டிலும் ட்ரோனிலும் உள்ள பறப்புப் பதிவை அழிக்காமல் அன்றே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த உயரத்தில், எந்த இடத்தில், எத்தனை சதவீதம் பேட்டரியில் விழுந்தது என்று இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்பார். அதற்கான பதில் அந்தப் பதிவில்தான் இருக்கிறது.